சொல்லாத வார்த்தைக்கு வந்த சீர்

பென்னாகரம்,
சித்திரை மாதம், வியாழக்கிழமை.

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும், ஏரியூரில் உன் அக்கா நிர்மலா குடும்பமும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று நம் குலசாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். உடம்பைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு மனசைப் பற்றி எழுதாமல் விட்டதை நீ கவனித்திருப்பாய், நாவல் எழுதியவள் ஆயிற்றே. போன் இருக்கும்போது அப்பாவுக்கு எதற்குக் கடிதம் என்று நீ நினைக்கலாம். வாதம் வந்ததிலிருந்து என் பேச்சு குழறுகிறது கண்ணு, நீ ஜெர்மனியிலிருந்து என்னப்பா என்னப்பா என்று திருப்பித் திருப்பிக் கேட்பதற்குள் எனக்கு வந்த கோபம் பாதி ஆறிவிடுகிறது. மீதிக் கோபத்தை உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லி, குறுக்கே புகுந்து, குழம்புக்கு என்ன வைத்தாய் என்று கேட்டுத் தீர்த்துவிடுகிறாள். வாய் திரும்பாவிட்டாலும் கை திரும்பிவிட்டது. எழுத்து கோணலாகத்தான் இருக்கும், நீ சின்ன வயதில் எழுதியதைவிட மோசமில்லை.

முதலில் ஊர்ச் சங்கதிகளைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் அம்மா அதை எழுதினாயா இதை எழுதினாயா என்று உயிரை வாங்குவாள். மல்பெரித் தோட்டத்தை அழித்துக் குச்சிக்கிழங்கு போட்டது உனக்குத் தெரியும், இந்த வருஷம் மாவுப்பூச்சி விழுந்து இலையெல்லாம் சுருண்டுவிட்டது. மா மரம் பரவாயில்லை, ஆனால் போன வாரம் அடித்த காற்றில் பாதிக் காய் கீழே, அம்மா அத்தனையையும் பொறுக்கி ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், உனக்கு என்று ஒரு ஜாடி தனியாக, அதை விமானத்தில் விடுவார்களா என்று தினமும் என்னைக் கேட்கிறாள், நான் என்ன விமானமா ஓட்டுகிறேன். அவளுக்கு முழங்கால் வலி அதிகம், டாக்டர் சம்மணம் போட்டு உட்காரக் கூடாது என்றார், அவள் அவர் எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து சரிங்க சார் என்றாள். காட்டோரத்துக் கொல்லையில் மறுபடியும் யானை வந்து போயிருக்கிறது, நம் பக்கம் வரவில்லை. இவ்வளவுதான் நல்ல சங்கதி, இனி வருவதைப் பொறுமையாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டாய். வைகாசியில் ஊருக்கு வருகிறேன், நம் ஊர் வாசகர் வட்டத்துக்காரர்கள் என் நாவலுக்கு விழா வைக்கிறார்கள், அக்காவை மேடைக்குக் கூட்டி வாருங்கள், நானே அவளுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்றாய். நான் பார்க்கலாம் கண்ணு என்றேன். நம் வீட்டில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம், அதை நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. அம்மா பக்கத்தில் இருந்ததால் வேறு ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், அக்கா மேடைக்கு வரமாட்டாள். வரச் சொல்லி நானும் கேட்கமாட்டேன். ஏன் என்று கேட்டால் பொங்கலில் இருந்து தொடங்க வேண்டும். இதை எல்லாம் நாங்கள் உன்னிடம் மறைத்தோம் என்று கோபித்துக்கொள்ளாதே, பிள்ளை தூரத்தில் தனியாக இருக்கிறாள், எதற்கு அவளை வேதனைப்படுத்த வேண்டும் என்று அம்மாதான் வாயைப் பொத்தினாள்.

வருஷாவருஷம் போல இந்தப் பொங்கலுக்கும் நிர்மலாவுக்குச் சீர் எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் ஏரியூர் பஸ்ஸில் போனோம். புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, அவளுக்கு ஒரு புடவை, பேரன் குருவுக்கு ஒரு சட்டை. கரும்புக் கட்டை என்னால் தூக்க முடியாது, கண்டக்டர்தான் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றி இறக்கினார். அவள் வீட்டு வாசலில் ஒரு வேன் நிற்கிறது. உள்ளே போனால் கூடம் நிறையத் தாம்பாளம், அரிசி, வெல்லம், கரும்பு, பழம், பூ, பட்டுப்புடவை, எல்லாம் வரிசையாக. யாரோ கல்யாணம் பேச வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன், அந்த வீட்டில் கல்யாண வயதில் பெண் கிடையாதே என்றும் யோசித்தேன். பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் உன் வாசகர்கள், வாசகர் வட்டத்தைச் சேர்ந்தவர்கள். தலைவர் வெங்கடாசலம், தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சகாயமேரி என்று ஆஸ்பத்திரி நர்ஸ் அம்மா ஒருவர். ஐஸ்வர்யா என்று காலேஜில் படிக்கும் பெண், அது எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தது. நிர்மலா காப்பித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தட்டோடு தட்டாக நின்றாள்.

அவர்கள் மேல் குற்றம் இல்லை, நீ எழுதியதை அப்படியே நம்பினார்கள். உன் நாவலில் வாதம் வந்த அப்பன், தங்கை ஊரைவிட்டுப் போன கையோடு நாலாவது அத்தியாயத்திலேயே செத்துப்போகிறான். அப்புறம் அம்மா வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வெளிநாட்டில் இருக்கிற தங்கையிடம் போய்விடுகிறாள். உன் அம்மாவைக் கோட்டு மாட்டிப் பனியில் நடக்கவிட்டாய், எனக்குப் பாடை கட்டினாய், இருக்கட்டும். அக்காக்காரி மட்டும் தாய்வீடு இல்லாமல், சீர் கொண்டு வர ஆள் இல்லாமல், பூட்டிய கதவைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போவதாக முடித்திருக்கிறாய். அதோடு நிறுத்தியிருந்தால் கதை என்று விட்டிருப்பார்கள். பேட்டியில் உட்கார்ந்து, அந்த அக்கா கற்பனை இல்லை, என் சொந்த அக்கா, ஏரியூரில் பட்டுப்பூச்சி வளர்க்கிறாள் என்று சொல்லிவிட்டாய். அக்கா நிஜம் என்றால் தாய்வீடு இல்லாததும் நிஜம்தானே என்று அவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, நாமே அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீடாக இருப்போம் என்று சீரோடு வந்துவிட்டார்கள். நல்ல மனசு, எனக்கே கண் கலங்கியது, ஆனால் கலங்குவதற்கு நேரம் கிடைக்கவில்லை.

வெங்கடாசலம் சார் என்னைப் பார்த்து, இவர் யாருங்கம்மா என்று நிர்மலாவிடம் கேட்டார். எங்கப்பாங்க என்றாள். அந்த மனுஷர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எழுந்து நின்று, "ஐயா நீங்க, நாலாவது அத்தியாயத்துலயே" என்று ஆரம்பித்து மீதியை விழுங்கிவிட்டார். நான் இன்னும் மூணாவதுலதாங்க இருக்கேன் என்றேன். என் குழறலில் அது அவருக்குப் புரியவில்லை, இன்னொரு தடவை சொன்னேன், மறுபடி சொன்னேன், கடைசியில் உன் அம்மா எடுத்துச் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் இரண்டு பேர், ஒன்று நிர்மலா, இன்னொன்று அவள் மாமியார் குள்ளம்மாள். வேன் போகும் வரைக்கும் அந்த அம்மா வாயைத் திறக்கவில்லை, போன பிறகு திறந்தது. "ஏங்கண்ணா, பொறந்த வூடு இல்லாத பொண்ணுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கீங்களா, நாங்க என்ன நாதியத்தவளையா கட்டியாந்தோம், ஊராரு சீர் கொண்டாந்து கூடத்துல எறக்கறாங்க, நாளைக்கு இந்தத் தெருவுல நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நடக்கறது" என்று கேட்டது. கேட்டதில் என்ன தப்பு. வந்த சீரைத் திருப்பி அனுப்பினால் கொண்டு வந்தவர்களுக்கு அவமானம், வைத்துக்கொண்டால் பெற்றவர்களுக்கு அவமானம். மாப்பிள்ளை மாதவராஜ் நல்ல மனிதர், கரும்பை ஒரு மூலையில் இருந்து இன்னொரு மூலைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். நிர்மலா நாங்கள் கொண்டு போன பானையில்தான் பொங்கல் வைத்தாள். வந்த அரிசி வெல்லத்தைக் கோயிலுக்கு அனுப்பினாள். அந்தப் பட்டுப்புடவை மடிப்புக் கலையாமல் பீரோ மேல் கிடக்கிறது.

அவர்கள் புடவை மேல் உன் நாவலையும் வைத்துக் கொடுத்திருந்தார்கள், முதல் பக்கத்தில் அத்தனை வாசகர்களும் கையெழுத்துப் போட்டு. அதுவரை நிர்மலா அதைப் படித்ததில்லை. எங்களுக்கு ஒரு பிரதி அனுப்பினாய், அக்காவுக்கு நேரில் வந்து தருகிறேன் என்றாய், ஆகையால் அவளும் காத்துக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாதவர்கள் கையால் வந்து சேர்ந்தது. தை கடைசியில் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் தனியாக இங்கே வந்தாள். அம்மா சாப்பிடச் சொன்னது காதில் விழாதது போல நேரே நம் பழைய பட்டுப்பூச்சி ஷெட்டுக்குப் போனாள், அதில் இப்போது மண்வெட்டியும் காலிச் சாக்கும்தான் இருக்கிறது. நான் தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் போனேன். "அப்பா, கவி ஜெர்மனி கெளம்புன அன்னிக்கு நீங்க ஜன்னலுக்கு அந்தாண்டதான படுத்திருந்தீங்க, வாய்தான் வராது, காது நல்லாத்தான கேட்டுச்சு, நான் அவள போன்னு சொன்னனா" என்று கேட்டாள். சொல்லவில்லை அம்மா என்றேன். "பின்ன ஏம்ப்பா சொன்னதா எழுதியிருக்கா" என்றாள்.

கவி, நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் உன் புத்தகத்தைப் படித்துப் படித்து எனக்கே எது நடந்தது என்று குழம்புகிறது. நான் விழுந்த சமயம் ஷெட் நிறையப் பூச்சி, கடைசித் தோலை உரித்து எழுந்து வெறி பிடித்த மாதிரி தழை தின்கிற நாட்கள். அந்த நாட்களில் வீட்டில் சாவு விழுந்தால்கூட ஒருத்தர் தழை போட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த என்னைப் புரட்டிப் போடவும் கழுவவும் அல்லாடினாள். நிர்மலா குருவை மாமியாரிடம் விட்டுவிட்டு ஓடி வந்தாள். உனக்கு அங்கே ஆராய்ச்சிப் படிப்பில் சேரும் நாள். ஷெட்டுக்குள் நின்று அவள் உன்னைக் கேட்டது ஒன்றே ஒன்று. "இந்தப் பூச்சி கூடு கட்டுற வரைக்குமாச்சும் இரு கவி, ஒத்தையா என்னால முடியாது" என்றாள். டிக்கெட் போட்டாச்சுக்கா என்றாய் நீ. அவள் அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. விடிவதற்கு முன் கார் வந்தது, அம்மா ரோடு வரைக்கும் வந்தாள், அக்கா ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. தழை முறிக்கிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது, கார் கதவு சாத்துகிற சத்தத்துக்கு மட்டும் கொஞ்சம் நின்றது. நடந்தது அவ்வளவுதான். உன் நாவலில் அக்கா சிரித்துக்கொண்டே வெளியே வருகிறாள், தங்கையின் உள்ளங்கையில் மல்பெரிப் பழம் வைத்து மூடி, போ, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன், நீ உன்னைப் போய்க் கண்டுபிடி என்கிறாள். அழகாக எழுதியிருக்கிறாய், முதல் தடவை படித்தபோது நானே அழுதேன், அப்புறம்தான் இப்படி நடக்கவில்லையே என்று உறைத்தது.

நீ போனதை நான் தப்பு என்று சொல்லவில்லை. போகாமல் இருந்திருந்தால் அந்த இடம் போயிருக்கும், அந்தக் குறையோடு என்னைப் பார்த்துக்கொண்டு நீ இங்கே உட்கார்ந்திருந்தால் நான் சீக்கிரமே செத்திருப்பேன். ஆனால் அவள் ஒரு வருஷத்துக்கு மேல் இங்கேயே கிடந்தாள். திரும்பிப் போனபோது குரு அவளைப் பார்த்துப் பாட்டி முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான், பாட்டியைத்தான் அம்மா என்று கூப்பிட்டான். அது உன் புத்தகத்தில் இல்லை. அதை நீ எழுதாததுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. "கெட்டவளா எழுதியிருந்தாக்கூடப் பரவால்லப்பா, பொறாமை புடிச்சவ, போக வேணாம்னு தடுத்தவன்னு எழுதட்டும், நான் கேட்டத அழிச்சுட்டு, குடுக்காததக் குடுத்ததா எழுதிட்டாளே" என்றாள். உன் அம்மா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தங்கச்சி மனசுல நீ அப்பிடி நிக்கிறியேன்னு சந்தோசப்படுடி, நல்லபடியாத்தான எழுதியிருக்கா" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், நிர்மலா சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டாள். அன்றிலிருந்து அம்மாவும் நானும் உன் நாவலைப் பற்றி வாரம் ஒரு சண்டை போடுகிறோம். அந்த வாசகர் வட்டத்தில்கூட இவ்வளவு விவாதம் நடக்காது.

பங்குனியில் வெங்கடாசலம் சார் நிர்மலாவுக்குப் போன் செய்து, சீர் விஷயத்துக்காக மன்னிப்புக் கேட்டு, உங்கள் தங்கை நாவலைப் பற்றிப் பேசுகிறோம், நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும் என்று அழைத்தார். வரமாட்டாள் என்று நினைத்தேன். நான் போன் போட்டுக் கேட்டதற்கு, "வர்றேன், நானும் படிச்சிருக்கேனில்ல, எனக்கும் கருத்து இருக்கு" என்றாள். அவள் சொன்ன விதம் சரியில்லை, பயந்துபோய் நானும் கூடப் போனேன். பென்னாகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி, படி ஏறுவதற்குள் எனக்கு நாலாவது அத்தியாயம் வந்துவிட்டது. சார் முதலில் பேசினார், குடும்பம் என்கிற வேர், தன்னை அறிதல் என்கிற கிளை என்று என்னென்னமோ சொன்னார். அந்த ஐஸ்வர்யா எழுந்து, எங்கள் வீட்டில் யாரும் போ என்று சொல்லமாட்டார்கள், ஆனால் இந்த அக்கா எனக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது, அரூர் தாண்டி மேல்படிப்புக்குப் போகப்போகிறேன் என்றாள். அப்போது பின்வரிசையில் ஒரு பையன், செல்போன் கடையில் வேலை செய்கிறவனாம், எழுந்து ஒரு விஷயம் சொன்னான். எல்லாம் நல்லா இருக்குங்க, ஆனா அந்த அக்காவத்தான் நம்ப முடியல, அப்பனையும் பூச்சியையும் தலையில கட்டிட்டுப் போறவளப் பாத்து எந்த அக்காங்க சிரிப்பாங்க, ஒரு வார்த்தையாச்சும் திட்டியிருப்பாங்க என்றான். என் பக்கத்தில் நிர்மலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். உன் நாவலைச் சரியாகப் படித்த ஒரே வாசகன் அவன்தான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் சார் விடவில்லை, என்ன தம்பி இப்படிச் சொல்லிவிட்டாய், அந்த அக்காவே இதோ உட்கார்ந்திருக்கிறாரே என்று கையைக் காட்டினார். எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள், அந்தப் பையனும் அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு சகாயமேரி அம்மா பேசினார். அவர் பேச்சில் வேர் கிளை ஒன்றும் இல்லை. அவருக்கும் தங்கைக்கும் அம்மா சாவில் வந்த சண்டை, அதிலிருந்து பேச்சு வார்த்தையே கிடையாதாம். உன் புத்தகத்தில் மல்பெரிப் பழம் கொடுக்கிற பக்கத்தைப் படித்துவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே தங்கைக்குப் போன் போட்டாராம். தங்கை வந்து ஒரு வாரம் தங்கி, இரண்டு பேரும் சேர்ந்து அம்மா கல்லறைக்குப் போய்விட்டு வந்தார்களாம். சொல்லும்போதே அழுதுவிட்டார். மேடையிலிருந்து இறங்கி வந்து நிர்மலாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்ன வார்த்தைதாம்மா, அந்த ஒரு வார்த்தைதான்" என்றார். சார் உடனே மைக்கை நிர்மலாவிடம் நீட்டினார். எழுந்தாள். என் தடியை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறந்தாள், சகாயமேரி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "எல்லாருக்கும் வணக்கங்க, புத்தகம் நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மறுபடியும் கை தட்டினார்கள், அன்றைக்கு அதுதான் பெரிய கைதட்டல்.

பஸ் ஸ்டாண்டில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, சூடு ஆற்றி, கை நடுங்கும் என்று கிளாஸைத் தானே பிடித்துக்கொண்டாள். அவள் குடிக்கவில்லை. "அந்தம்மா மூஞ்சியப் பாத்துக்கிட்டு நான் எப்பிடிப்பா சொல்றது, நான் சொல்லாத வார்த்தையால ஒரு குடும்பம் ஒண்ணு சேந்திருக்கு" என்றாள். ஏரியூர் பஸ் வந்தது, ஏறவில்லை, போகவிட்டுவிட்டாள். "நான் மன்னிச்சுட்டேன்னு இந்த ஜில்லாவுக்கே தெரிஞ்சுபோச்சுப்பா, எனக்குத்தான் தெரியல, இனிமே நான் யார்கிட்டப் போயி கோவப்படறது, கோவப்பட்டா நாந்தான பொய்க்காரி" என்று கேட்டாள். அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டேன், ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை கவி. நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டிருந்தால் சமாதானம் பண்ணி வைக்கலாம், சண்டையே நடக்கவில்லை என்று புத்தகம் போட்ட பிறகு எதை வைத்துச் சமாதானம் பண்ணுவது.

நானும் உன் வாசகன்தான், ஆகையால் என் கருத்தையும் எழுதிவிடுகிறேன். ஷெட்டின் வாடையை எழுதியிருக்கிறாய், அத்தனை பூச்சியும் சேர்ந்து தழை தின்கிற சத்தம் ஓட்டு மேல் தூறல் விழுகிற மாதிரி இருக்கும் என்று எழுதியிருக்கிறாய், அது முழுக்க உண்மை, வாய் வராமல் படுத்துக் கிடந்தபோது எனக்குத் துணையாக இருந்தது அந்தச் சத்தம்தான். அவ்வளவு உண்மையாக எழுதத் தெரிந்த பிள்ளை அக்கா வாயில் மட்டும் ஏன் பொய்யை வைத்தாள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நீ அவள் வாயால் கேட்க ஆசைப்பட்டதை எழுதி வைத்துக்கொண்டாய் என்று நினைக்கிறேன். பாவம்தான் நீயும், எனக்கு உன்மேலும் பரிதாபமாக இருக்கிறது. ஆனால் கேட்க வேண்டியவளிடம் நீ இன்னும் கேட்கவில்லை. புத்தகத்தை மாற்ற வேண்டாம், அதை நிர்மலாவே சொல்லிவிட்டாள், சகாயமேரி அம்மாவுக்காக அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும் என்று. விழா வேண்டுமானால் நடக்கட்டும், நீ மட்டும் போய் மாலையைப் போட்டுக்கொள், கடைசியில் உன் அப்பனையும் மேடைக்குக் கூப்பிட்டுக் காட்டிவிடு, செத்தவன் என்று இன்னும் பல பேர் துக்கம் விசாரிக்கிறார்கள்.

நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். நிர்மலா இப்போது ஏரியூரில் வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஷெட் போட்டு மறுபடி பூச்சி வளர்க்கிறாள், மாப்பிள்ளையோடு பேசி நாள் விசாரித்தேன். நீ வருகிற வாரம் அவள் பூச்சி கடைசித் தோல் உரித்து எழுந்துவிடும். இங்கே வந்து பெட்டியை இறக்காதே, நேரே ஏரியூர் போ. பொன்னாடை வேண்டாம், பரிசு வேண்டாம், உன் புத்தகம் வேண்டாம், போனில் படம் பிடிக்கிற வேலை வேண்டவே வேண்டாம். திட்டினால் திட்டு வாங்கிக்கொள், பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் தழை முறித்துப் போடு, குள்ளம்மாள் ஏதாவது சொன்னால் தலையைக் குனிந்துகொள். திரும்புகிற டிக்கெட்டை இப்போதே தள்ளிப் போட்டுவிடு. அந்தப் பூச்சி கூடு கட்டுகிற வரைக்கும் இரு. அதற்குப் பிறகு அவள் போ என்று சொன்னாலும் சரி, போகாதே என்று சொன்னாலும் சரி, அது அவள் வாயால் சொன்னதாக இருக்கும்.

இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது, தெரிய வேண்டாம். குலசாமி உன்னை நோய்நொடி இல்லாமல் காப்பாற்றட்டும், இன்னும் நிறைய எழுது, அடுத்ததில் என்னை எங்கே வேண்டுமானாலும் சாகவிடு. அங்கே குளிரில் காதை மூடிக்கொண்டு போ. மறந்துவிடாதே, ஷெட்டுக்குள் போகும்போது சென்ட் பவுடர் எதுவும் போட்டுக்கொள்ளாதே, பூச்சிக்கு ஆகாது, கையைக் கழுவிவிட்டுத் தழையைத் தொடு. அக்கா முன்பெல்லாம் உனக்கு வாசலிலேயே சொல்லுவாள், இப்போது சொல்லமாட்டாள் என்றுதான் நான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடு இருந்து உன் வருகையை எதிர்பார்க்கும் அப்பா,
நஞ்சப்பன்.